பெல்வியூ மண்தடமும் ஏசஸ் கழகமும்

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் நம் நாட்டு மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவது சிப்பாங் பந்தயத் தடமே. தார் பூசிய நீண்ட பாதை, வளைவுகளில் முழங்கால் தரையைத் தொடுமளவு சாய்ந்து செல்லும் வீரர்கள், இமைப்பொழுதில் மறைந்துவிடும் வண்டிகள் ஆகியவற்றைத் தொலைக்காட்சியில் நாம் கண்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிள் பந்தயங்களுள் வேறொரு வகையும் உண்டு. அது மண்ணிலேயே நடைபெறுவது. ஸ்பீட்வே என்பது அதன் பெயர். நாம் இதனை மண்தடப் பந்தயம் என்று அழைப்போம். இப்பந்தயத்தில் புகழ்பெற்ற திடல்களுள் ஒன்று இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரின் கிழக்குப் பகுதியில் இருந்த பெல்வியூ திடலாகும். அத்திடல் இன்று இல்லை. அதில் பிறந்து வளர்ந்த கழகமோ இன்றும் இருக்கிறது. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பந்தயம் நடைபெறும் முறையைத் தெரிந்துகொள்வோம். தடம் முட்டை வடிவினது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்காகத் திடலில் சுண்ணாம்புக் கோடிட்டு நாம் அமைக்கும் 400 மீட்டர் ஓட்டப்பாதையை நினைத்துக்கொண்டால் போதும். பழைய பெல்வியூ தடம் ஏறத்தாழ அந்த அளவினதே. தடத்தின் மேற்பரப்பில் உதிரியான பொடிக்கல்லும் மண்ணும் பரப்பப்பட்டிருக்கும். தொடக்க காலத்தில் கொதிகலன்களிலிருந்து அகற்றப்பட்ட கரிச்சாம்பல் கட்டிகளையும் பயன்படுத்தினர். ஒரு பந்தயத்தில் நால்வர் மட்டுமே கலந்துகொள்வர். அவர்கள் நான்கு சுற்றுகள் இடப்புறமாகவே வளைந்து ஓட்டுவர். முதல்வருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இவ்வாறான பல பந்தயங்கள் சேர்ந்ததே இரு கழகங்களுக்கிடையிலான ஒரு போட்டி. ஒவ்வொரு பந்தயத்திலும் கழகத்திற்கு இருவர் என இறங்குவதால், தனியொருவர் வல்லவராக இருந்தால் மட்டும் போதாது. உடன் ஓட்டும் தோழனையும் எதிரியிடமிருந்து காத்து முன்னே கொண்டுவர வேண்டும்.

இனி வண்டியைப் பார்ப்போம். பால்மரம் வெட்டச் செல்வதற்கும் சந்தைக்குச் செல்வதற்கும் நம் பெற்றோர் பயன்படுத்தும் சிறிய மோட்டார் சைக்கிளை விட இவ்வண்டி எடையில் பெரிதாக வேறுபடாது. சுமார் 77 கிலோகிராம்தான். ஆனால் அதன் இயந்திரமோ 500 சி.சி. கொள்ளளவு உடையது. பெட்ரோலுக்குப் பதிலாக மெத்தனால் என்னும் சாராய வகை எரிபொருள் ஊற்றப்படுகிறது. அஃது இயந்திரத்தை அதிகம் சூடேற்றாமல் மிகுந்த ஆற்றலைத் தரும். வண்டிக்கு ஒரே கியர்தான். எல்லாவற்றிலும் வியப்பானது, பிரேக்கே கிடையாது!

பிரேக் இல்லாத வண்டியை எவ்வாறு ஓட்டுவது என்று மாணவர்கள் கேட்கலாம். பிரேக் இருப்பதே இங்கு ஆபத்து என்பதுதான் விடை. நால்வர் ஒருவரையொருவர் உரசுமளவு நெருங்கிச் செல்கையில் முன்னே செல்பவர் திடீரெனப் பிரேக்கை அழுத்தினால், பின்னே வருபவர் அவர்மீது மோதாமல் தப்ப வழியில்லை. ஆகவே எல்லாரும் ஒரே முறையில்தான் வேகத்தைக் குறைக்கின்றனர். வளைவை அடைந்ததும் வீரர் வண்டியை இடப்பக்கம் சாய்க்கிறார். பின்சக்கரம் வேகமாகச் சுழன்று, பிடிப்பை இழந்து, வெளிப்புறமாக வழுக்குகிறது. அப்போது முன்சக்கரத்தை வலப்புறமாகத் திருப்புகிறார். வண்டி பக்கவாட்டில் சறுக்கியபடியே வளைவைக் கடக்கிறது. இரும்புத் தகடு கட்டிய இடக்கால் தரையில் உரசிச் சமநிலையைக் காக்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி வழுக்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நாம் அஞ்சி நடுங்கும் அந்தச் சறுக்கலையே இவர்கள் கலையாக்கிக் கொண்டனர். அச்சத்தால் நடுவளைவில் திடீரென விசையைக் குறைத்தால், சக்கரம் மண்ணைச் சட்டெனப் பற்றிக்கொண்டு ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும். துணிந்து விசையைக் கொடுத்துக்கொண்டே இருப்பவரே நிலைத்திருப்பார். வீரர் விழுந்தால் இயந்திரம் உடனே நின்றுவிடும்படி அவருடைய மணிக்கட்டுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு கயிறு இணைக்கப்பட்டிருக்கும். இவையெல்லாம் வேலியிட்ட திடலில், மருத்துவர் காத்திருக்க, பயிற்சி பெற்றோர் செய்பவை. சாலையில் செய்து பார்க்கத்தக்கவை அல்ல என்பதை இவ்விடத்திலேயே சொல்லி வைக்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மேற்கு மெயிட்லண்டு என்னும் ஊரில், 1923ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நடந்த விவசாயக் கண்காட்சித் திடல் பந்தயத்தையே இவ்விளையாட்டின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவர். அக்கண்காட்சிச் சங்கத்தின் செயலாளர் ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர். இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த டிராயில்ஸ்டனில் 1927ஆம் ஆண்டிலேயே ஒரு பந்தயம் நடந்தது. எனினும், இலண்டன் மாநகரை ஒட்டிய எப்பிங் காட்டில், ஹை பீச் என்னுமிடத்தில் 1928 பிப்ரவரி 19ஆம் நாள் நடந்த பந்தயமே நாட்டைத் தட்டி எழுப்பியது. சில ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த அமைப்பாளர்கள், பல்லாயிரவர் திரண்டு வந்து தடத்தின் இருமருங்கிலும் நெருக்கியடித்து நிற்கக் கண்டு திகைத்துப் போயினர். அந்த ஓராண்டிற்குள் நாடெங்கும் தடங்கள் முளைத்தன.

பெல்வியூவின் கதை அதற்கும் முந்தியது. ஜான் ஜெனிசன் என்னும் தோட்டக்காரர் 1836ஆம் ஆண்டு அங்கு ஒரு விலங்குக் காட்சிச் சாலையையும் பூங்காவையும் திறந்தார். பஞ்சாலைகளிலும் இயந்திரத் தொழிற்சாலைகளிலும் வாரம் முழுவதும் உழைத்த மக்கள், ஓய்வு நாளில் பிள்ளை குட்டிகளோடு சென்று மகிழ்வதற்கு அஃது ஏற்ற இடமாயிற்று. மாணவர்களுக்குச் சுவையூட்டும் ஒரு செய்தி: 1872ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் மகாராஜா என்னும் ஆசிய யானையை இக்காட்சிச் சாலையினர் 680 பவுனுக்கு விலைக்கு வாங்கினர். புகைவண்டியில் ஏற்றியதும் அது பெட்டியைப் பிய்த்தெறிந்துவிட்டது. வேறு வழியின்றிப் பாகன் அதனை நடத்தியே பத்து நாட்களில் மான்செஸ்டருக்குக் கொண்டு வந்து சேர்த்தான்! அந்த யானையின் எலும்புக்கூட்டை மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

இப்பூங்காவுக்கு அருகில், கர்க்மன்ஷூம் சாலையில், நாய்ப்பந்தயத் திடல் ஒன்று 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1928இல் அத்திடலில்தான் பெல்வியூவின் முதல் மண்தடப் பந்தயங்கள் நடந்தன. மக்கள் ஆர்வத்தைக் கண்ட பூங்கா நிர்வாகத்தினர் ஹைடு சாலைப் பக்கத்தில் இருந்த விளையாட்டுத் திடலை மண்தடமாக மாற்றினர். 1929 மார்ச் 23ஆம் நாள் புதிய தடம் திறக்கப்பட்டது. ஈ. ஓ. ஸ்பென்ஸ் என்பவர் அதன் மேலாளராகப் பொறுப்பேற்றார். கழகத்தினர் தம்மை ஏசஸ் என்று அழைத்துக் கொண்டனர். சீட்டுக்கட்டில் தலையாய சீட்டுக்கு ஏஸ் என்று பெயர். அதன் பன்மையே இது.

அத்தடத்தின் சிறப்பு அதன் அமைப்பில் இருந்தது. நேர்ப்பாதைகள் நீண்டவை; வளைவுகள் அகன்றவை. வீரர் உட்கோட்டை ஒட்டியும் செல்லலாம். வெளிவேலியை ஒட்டி முழு விசையில் சுற்றிவந்தும் முந்தலாம். பல திடல்களில் முதல் வளைவில் முந்தியவரே வென்றுவிடுவார். மற்றவை வெறும் ஊர்வலமாகிவிடும். ஹைடு சாலையிலோ கடைசி வளைவு வரையில் முடிவு தெரியாது. பார்வையாளர் மீண்டும் மீண்டும் வந்ததற்கு இதுவே காரணம் என்பது நம் கருத்து.

இங்கே நம்மவர்க்குரிய தொடர்பு ஒன்றும் இருக்கிறது. அக்காலத்தில் உலகின் இயற்கை ரப்பரில் மிகப் பெரிய பங்கு மலாயாவிலிருந்தே சென்றது. இங்கிலாந்தின் டயர்த் தொழிற்சாலைகள் அதனை நம்பியிருந்தன. மண்ணில் சுழன்று தேய்ந்து, ஒரே மாலையில் கூர் மழுங்கும் அந்தப் பந்தய டயர்களின் மூலப்பொருள், விடியுமுன் எழுந்து மரம் வெட்டிப் பால் சேகரித்த கைகளின் உழைப்பால் விளைந்தது.

1930களில் ஏசஸ் கழகத்திற்கு நிகரில்லை. 1933, 1934, 1935, 1936 என நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தேசியக் கூட்டிணைவுப் போட்டியில் வாகை சூடியது. சிவப்பு மேலாடை அணிந்து அஞ்சாமல் ஓட்டிய பிராங்க் வேரியை, அவர் பந்தயமோட்டச் சென்ற அர்ஜென்டினா நாட்டு மக்கள் சிவப்புப் பிசாசு என்று அழைத்தனராம். எரிக் லாங்டன் என்னும் மற்றொரு வீரர் 1936இல் வெம்பிளியில் நடந்த முதல் உலகத் தனிநபர் போட்டியில் முதலிடத்திற்குச் சமமாக வந்து, தீர்வுப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் லயனல் வான் பிராகிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோல் பங்கீடு, ஆள் பற்றாக்குறை, வான்தாக்குதல் ஆகியவற்றால் நாட்டின் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1940 டிசம்பரில் மான்செஸ்டர் நகரமே குண்டுமழைக்கு இலக்காயிற்று. அத்தகைய நாளிலும் பெல்வியூ தடம் மூடப்படவில்லை. சனிக்கிழமைப் பிற்பகல்களில், பகல் வெளிச்சத்திலேயே பந்தயங்கள் நடத்தப்பட்டன. படையில் பணியாற்றியோர் விடுப்பு கிடைத்தபோது வந்து ஓட்டினர். போர்க்காலம் முழுவதிலும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட போட்டி நாட்கள் நடந்தேறின. போர் முடிந்தபின் எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்று மற்றத் திடல்கள் திகைத்து நிற்கையில், இங்கு வீரரும் தயார், வண்டியும் தயார்.

அதன்பின் சில ஆண்டுகள் இவ்விளையாட்டுக்குப் பொற்காலம். பிறகு 1950களில் தொலைக்காட்சி வந்தது. கேளிக்கை வரியும் அழுத்தியது. கழகங்கள் பல மறைந்து, தேசியக் கூட்டிணைவில் விரல்விட்டு எண்ணத்தக்க கழகங்களே எஞ்சின. அந்நாளில் பெல்வியூவை நடத்தியவர்களுள் ஒருவர், நாம் மேலே கண்ட மெயிட்லண்டு ஜானி ஹாஸ்கின்ஸே ஆவார்.

அக்காலத்து வீரர்களுள் பீட்டர் கிரேவன் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறாமலிருக்க முடியாது. லிவர்பூலில் 1934இல் பிறந்தவர். உருவத்தில் சிறியவர். சிறிய உடலோடு இத்தகைய முரட்டு வண்டியை அடக்குவது எளிதன்று. அவரோ வண்டியின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து, தம் உடல் எடையையே கடிவாளமாகப் பயன்படுத்தினார். மற்றவர் வண்டியோடு மல்லுக்கட்ட, அவர் மட்டும் கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடியைப் போல் தோன்றினார். சமநிலை மந்திரவாதி என்று அவரைப் பாராட்டினர். 1955இலும் 1962இலும் உலக வெற்றியாளரானார். 1963 செப்டம்பர் 20ஆம் நாள், எடின்பரோவில் நடந்த போட்டியொன்றில், தமக்கு முன்னே விழுந்த எதிரணி வீரரின்மேல் ஏறிவிடாதிருக்கும் பொருட்டு வண்டியைத் திருப்பினார், வேலியில் மோதினார். நான்கு நாட்களுக்குப் பின் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 29. அவ்வாண்டின் தேசியக் கூட்டிணைவு வெற்றி ஏசஸ் கழகத்திற்கே கிடைத்தது. அந்த வெற்றியை அவர்கள் எவ்வாறு கொண்டாடியிருக்க முடியும்? அவர் பெயரால் ஏற்படுத்தப்பட்ட நினைவுக் கோப்பைப் போட்டி பெல்வியூவின் பெருமைக்குரிய போட்டிகளுள் ஒன்றாயிற்று.

பின்னர் நியூசிலாந்திலிருந்து வந்த ஐவன் மாகர் கழகத்தில் சேர்ந்தார். அவர் தம் வாழ்நாளில் ஆறு முறை உலகப் பட்டம் வென்றவர். அவற்றுள் 1969, 1970, 1972 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள் பெல்வியூ வீரராக இருந்தபோது பெற்றவை. கழகமும் 1970, 1971, 1972 என மூன்றாண்டுகள் தொடர்ந்து கூட்டிணைவில் முதலிடம் பெற்றது. 1976இல் போலந்து நாட்டில் உலகப் பட்டம் வென்ற பீட்டர் காலின்ஸ் மான்செஸ்டர் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தம்பியர் நால்வரும் மண்தட வீரர்களே. ஒரே தாய் வயிற்றில் ஐந்து வீரர்! அந்தத் தாய் சனிக்கிழமை தோறும் எத்தனை தெய்வங்களை வேண்டினாரோ!

இவ்வளவு புகழிருந்தும் திடல் கழகத்திற்குச் சொந்தமன்று. இதை நாம் மறந்துவிடலாகாது. விலங்குக் காட்சிச் சாலை வருவாய் குன்றி 1977இல் மூடப்பட்டது. கேளிக்கைப் பூங்காவும் 1980இல் மறைந்தது. ஹைடு சாலைத் திடல் மட்டும் எஞ்சி நின்றது. 1982இல் ஏசஸ் மீண்டும் கூட்டிணைவு வெற்றியாளராயினர். ஐந்தாண்டுகள் கழித்து, 1987இல், திடல் கார் ஏலம் விடும் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் கடைசி மண்தடப் போட்டி நடந்தது. பின்னர்த் திடல் இடிக்கப்பட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் தந்தையும் மகனும் பேரனும் நின்று பார்த்த படிக்கட்டுகள் இருந்த இடத்தில் விற்பனைக் கார்கள் வரிசையாக நின்றன. தோட்டம் கைமாறியபோது கோயிலையும் பள்ளியையும் வேறிடம் பெயர்த்துச் சென்ற அனுபவமுடைய நம்மவர்க்கு அம்மக்களின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

கழகத்தைக் கலைத்துவிடலாம் என்ற நிலை. கழகத்தினர் கலைக்கவில்லை. 1988இல், தாம் 1928இல் தொடங்கிய அதே கர்க்மன்ஷூம் சாலை நாய்ப்பந்தயத் திடலுக்குத் திரும்பினர். அங்கு அவர்கள் வாடகைக் குடியினரே. நாய்கள் ஓடும் பாதைக்கு உட்புறமாக மண்தடம் அமைக்க வேண்டியிருந்தது. வளைவுகள் குறுகின. பார்வையாளருக்கும் வீரருக்கும் இடையே நாய்ப்பாதை குறுக்கிட்டது. ஹைடு சாலையில் தலைக்கவசத்தின்மேல் மண் தெறிக்கும் ஓசையைக் கேட்டுப் பழகியோர்க்கு இது மனக்குறையே. இருப்பினும் வந்தனர். 1993இல் ஏசஸ் மறுபடியும் கூட்டிணைவை வென்றனர். அதன்பின் நீண்ட வறட்சி. கூட்டம் குறைந்தது, பணமுடை ஏற்பட்டது, சில ஆண்டுகளில் கழகம் பட்டியலின் அடியில் கிடந்தது. இருபத்தெட்டுப் பருவங்களை அத்திடலில் அவர்கள் கழித்தனர்.

சொந்தத் தடம் வேண்டும் என்ற கோரிக்கை இறுதியில் மான்செஸ்டர் நகராட்சியின் ஆதரவைப் பெற்றது. ஏறத்தாழ 80 இலட்சம் பவுன் செலவில், நாய்ப்பந்தயத் திடலுக்கு மிக அருகிலேயே தேசிய ஸ்பீட்வே அரங்கம் எழுந்தது. ஹைடு சாலைத் தடத்தின் அகன்ற வளைவுகளை மனத்திற்கொண்டு புதிய தடம் வகுக்கப்பட்டது. 2016 மார்ச் 19ஆம் நாள் திறப்பு விழா. ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டனர். பந்தயம் தொடங்கவிருந்த நேரத்தில் தடத்தின் மண் உறுதியாக இல்லை, வளைவுகளில் ஓட்டுவது ஆபத்து என்று கண்டறிந்து போட்டியை நிறுத்தினர். மக்கள் ஏமாற்றத்துடன் வீடு திரும்பினர். இவ்விளையாட்டில் மண்ணே யாவும். பொடிக்கல்லும் மண்ணும் எந்த அளவில் கலக்க வேண்டும், எவ்வளவு நீர் தெளிக்க வேண்டும், எவ்வளவு நேரம் உருளையால் இறுக்க வேண்டும் என்பவற்றை அறிந்த தடப் பணியாளரின் கைத்திறனை விரைவில் விலைக்கு வாங்கிவிட முடியாது. நீர் மிகுந்தால் சேறு, குறைந்தால் புழுதி. போட்டியின் நடுவிலும் டிராக்டரைக் கொண்டு தடத்தைச் செப்பனிட்டுக்கொண்டே இருப்பர். பார்வையாளர் இப்பணியாளரைப் பொருட்படுத்துவதில்லை. வீரரோ முதலில் கைகுலுக்குவது அவர்களிடம்தான்.

தடத்தை மீண்டும் தோண்டி அமைத்தபின் அவ்வாண்டே பந்தயங்கள் நடைபெறலாயின. 2016 ஜூலையில் உலகக் கோப்பை அணிப் போட்டியின் இறுதிச் சுற்று அங்கு நடைபெற்றுப் போலந்து வென்றது. 2021இல் அதே தடத்தில் பிரிட்டன் அணி உலக அணிப் பட்டத்தைக் கைப்பற்றியது. 1989க்குப் பின் அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் உலக அணிப் பட்டம் அது. பக்கத்திலிருந்த பழைய நாய்ப்பந்தயத் திடல் 2020இல் மூடப்பட்டுவிட்டது. கழகம் அங்கேயே தங்கியிருந்தால் மீண்டும் வீடிழந்திருக்கும்.

2022ஆம் ஆண்டு அக்டோபரில், ஷெபீல்டு அணியை வீழ்த்தி ஏசஸ் கழகம் கூட்டிணைவு வெற்றியாளராயிற்று. 1993இல் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்த சிறுவன், தன் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்கத்தக்க அளவு காலம் கடந்திருந்தது. 2025 ஜூனில் உலகத் தனிநபர்ப் போட்டித் தொடரின் இரு சுற்றுகள் அடுத்தடுத்த இரு நாட்களில் அவ்வரங்கில் நடைபெற்றன. பல நாட்டு வீரர்கள் வந்து ஓட்டினர். அரங்கின் வாசலிலிருந்து ஹைடு சாலையின் பழைய திடல் இருந்த இடம் நடந்து செல்லும் தொலைவுதான்.